அம்மா வெட்டிய அப்பமும் என் வயிறும்

இப்போது கடைக்குப் போனால் அட்டைப்பெட்டி மேல் பெரிசாகப் போட்டு விற்கிறார்கள், குளூட்டன் இல்லாத பிஸ்கட், குளூட்டன் இல்லாத மாவு என்று. அதை எடுத்துக் கூடையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் எரிச்சலும் வரும். அடி அம்மாடி, எழுபதுகளில் சித்தூரில் நான் இதே காரியத்தைச் செய்தபோது என்னைக் கிறுக்கு என்றார்கள், கொழுப்பெடுத்தவள் என்றார்கள், கடைசியில் பாவி என்றும் சொன்னார்கள். நான் விட்டது கோதுமையை மட்டும்தான். என்னமோ மதத்தையே விட்டுவிட்ட மாதிரி குதித்தார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் டாக்டருக்கு முன்னால் ரொட்டி வந்துவிடும். ரொட்டி என்றால் சப்பாத்தி இல்லை, பேக்கரியில் விற்கும் பிரெட். காய்ச்சல் என்றால் பாலில் ஊறவைத்த ரொட்டி. பேதி என்றால் தணலில் வாட்டிய ரொட்டி. பிள்ளை பெற்றவளுக்கு ரஸ்க். சாகக் கிடக்கிற கிழவருக்கும் ரொட்டியைப் பாலில் கரைத்து ஸ்பூனில் ஊற்றுவார்கள். நாங்கள் சித்தூர் மிஷன் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரத் துரைசானிகள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அவர்களுடைய ரொட்டி வைத்தியம் எங்களை விட்டுப் போகவில்லை. சோறு கனம், களி அதைவிடக் கனம், ரொட்டி லேசு. இதில் எங்கள் ஜனங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கும் இருந்ததில்லை.

அப்போது நான் திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் அறை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிச் சித்தூருக்கு வீட்டுக்கு வருவேன், திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் திரும்புவேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே என் வயிறு எனக்கு எதிரியாகிவிட்டது. ஊதும், உருளும், பிறகு ஓடவைக்கும். வகுப்பில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே நெற்றி வேர்க்கும். வாயெல்லாம் புண். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவேன். என்னிடம் படித்த பிள்ளைகள் என்னைத் தாண்டித் தடதடவென்று ஓடுவார்கள். இருபத்து மூன்று வயசில் இது ஒரு பிழைப்பா?

உடம்பு மோசமாக மோசமாக அம்மா ரொட்டியைக் கூட்டினாள். சனிக்கிழமை வீட்டுக்குள் கால் வைத்ததும் ரொட்டியும் பாலும். திரும்பிப் போகும்போது பையில் பன், ரஸ்க், மால்ட் மாவு டப்பா. ஹாஸ்டலில் இவள் சீக்குக்காரி என்று தெரிந்து ராத்திரி சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட்டார்கள். எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். அந்த நல்லதைத் தின்று தின்று நான் எலும்பாகிக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் மேல் உங்களுக்குத் தப்பான கோபம் வரும். அவள் பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். காலையில் கேழ்வரகுக் களி, மத்தியானம் அதே களி, ராத்திரி மிச்சமிருந்தால் களி. சின்ன வயசில் சித்தூர் மிஷன் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது ஒரு துரைசானி கையால் ரொட்டித் துண்டு ஊட்டினாளாம். "அன்னிக்குத்தான் நான் மனுசியானேன்" என்பாள். கல்யாணமாகி வந்த வீட்டில் களி கிண்டுகிற துடுப்பு ஒன்று இருந்ததாம். அதை அடுப்பில் வைத்து எரித்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் கேழ்வரகு என்ற பேச்சே கிடையாது. நைனா, அதாவது என் அப்பா, தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவருக்குக் களி என்றால் உயிர். ஆசை வந்தால் ஆபீஸ் பியூன் வீட்டில் போய்த் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து நடக்கும். அதற்கு அப்பம் வெட்டுவது என் அம்மாவின் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் தலைக்குக் குளித்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பேக்கரியிலிருந்து அன்றைக்கே சுட்டு வந்த ரொட்டியின் ஓரத்தை மெல்லச் சீவி எடுப்பாள். பிறகு நடுவிலிருக்கும் வெள்ளைப் பகுதியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுவாள். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு என்று இருக்காது. வெட்டி முடிக்கிறவரை பேசமாட்டாள். யாரும் அவளிடம் பேசவும் கூடாது. சீவிய ஓரமெல்லாம் எனக்கு. சின்னப் பிள்ளையிலிருந்து நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்தூரில் பார்த்த வைத்தியமெல்லாம் தோற்றதும் நைனா பிடிவாதமாக வேலூருக்கு அனுப்பினார். அம்மா கூட வந்தாள். அங்கே ஒரு லேடி டாக்டர். என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், இமையை இறக்கிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, "என்னம்மா சாப்பிடறே? நேத்துக் காலையிலருந்து சொல்லு" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா பெருமையாக, "எல்லாம் லேசாத்தான் குடுக்கறேன் டாக்டரம்மா. ரொட்டி, ரஸ்க்கு, கோதுமக் கஞ்சி, சப்பாத்தி. சோத்த தொடவே வுடறதில்ல" என்றாள்.

டாக்டர் திரும்பப் பேனாவைத் திறந்து, அம்மா சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதினார். "கோதுமையை விட்டுப் பாரேன்" என்று என்னிடம் சொன்னார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். கோதுமைக்குள்ளே குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறதாம். மைதாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அந்த இழுவைக்கு அதுதான் காரணமாம். சில பேர் குடலுக்கு அது ஆகாது, உள்ளே புண்ணாக்கிவிடும், அப்புறம் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இந்த வியாதி நம் பக்கத்தில் அபூர்வம், சீமையில்தான் அதிகம் என்று படித்திருக்கிறாராம். "எனக்கும் நிச்சயமில்லை. ஆனா விட்டுப் பாக்கறதுல நஷ்டமில்ல. விட்டா முழுசா விடணும். கொஞ்சம் துன்னா பரவாயில்லன்ற பேச்சே இல்ல."

"கோதுமய வுட்டுட்டா துன்றது இன்னா?" என்றாள் அம்மா.

"அரிசி இருக்கு. கேழ்வரகு இருக்கே, அதைவிட என்ன வேணும்? களி கிண்டிக் குடுங்க."

அம்மாவின் முகத்தைப் பார்க்கணுமே! அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "சீமக்காரங்களுக்கு வர்ற சீக்கு நமக்கு எங்கருந்துடி வரும்? அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரில" என்று சொல்லிவிட்டு, நேராகப் பேக்கரிக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கினாள்.

நான் உடனே துணிந்து விட்டேன் என்று நினைக்காதீர்கள். வாரக்கணக்காக ஊசலாடினேன். டாக்டருக்கே நிச்சயமில்லை. விட்டும் சரியாகவில்லை என்றால்? அப்புறம் என்ன மிச்சம் இருக்கிறது எனக்கு? ஊரில் அத்தனை பேரும் கோதுமை தின்று கல் மாதிரி இருக்கும்போது எனக்கு மட்டும் அது ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? நைனாவைக் கேட்டேன். "டாக்டரு சொன்னா செய்ய வேண்டியதுதான்" என்றார். பிறகு அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, "ஆனா உங்கம்மாள யாரு சமாளிக்கறது?" என்றார். அவ்வளவுதான் அவருடைய தைரியம்.

முடிவு எடுக்க வைத்தது ஒரு பன். ஒரு திங்கட்கிழமை காலை கிளம்பும்போது அம்மா வெண்ணெய் தடவிய பன்னைக் கையில் திணித்து, தின்றால்தான் ஆச்சு என்று எதிரே நின்றாள். அவள் மனசு நோகக்கூடாது என்று தின்றுவிட்டு பஸ் ஏறினேன். சந்திரகிரி வருவதற்குள் வயிறு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தேன், கம்பியைப் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எழுந்து, "பஸ்ஸ நிறுத்துங்க!" என்று கத்தினேன். கண்டக்டர் தெலுங்கில், "ஏமய்ந்தம்மா?" என்று கேட்டுக்கொண்டே விசில் ஊதினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரப் புதருக்குப் பின்னால் ஓடினேன். பஸ் நிறைய ஜனம். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியும் அதில் இருந்தாள். ஜன்னல் ஜன்னலாகத் தலை. நான் திரும்பி வந்து ஏறும்வரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

சீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததே இல்லை. சீ, என்ன ஜென்மம் இது! யார் மனசும் நோகக்கூடாது என்று பன்னைத் தின்றேனே, நான் புதருக்குப் பின்னால் குந்தினபோது அந்த மனசெல்லாம் எங்கே இருந்தது? நிச்சயமிருக்கோ இல்லையோ, இனி கோதுமை என் வாய்க்குள் போகாது. யார் சொன்னாலும் சரி. திருப்பதியில் இறங்கியதும் பையிலிருந்த ரஸ்க்கையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு, கேழ்வரகு மாவு வாங்கிக்கொண்டு போனேன்.

எனக்குக் களி கிண்டத் தெரியாது. எங்கே தெரியும், எங்கள் வீட்டில்தான் துடுப்பே கிடையாதே. ஹாஸ்டல் வராந்தாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து முதல் நாள் கிண்டியது கட்டி கட்டியாகக் கரியோடு வந்தது. பக்கத்து அறைப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தெலுங்கில் களிக்குச் சங்கடி என்று பெயர். அன்றிலிருந்து எனக்கு "சங்கடி டீச்சர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வையுங்கள், போங்கள்! வேர்க்கடலைச் சட்னியைத் தொட்டுக்கொண்டு அவர்கள் பார்க்கப் பார்க்கத் தின்றேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் காலையில் எழுந்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்ன என்று படுத்தபடியே யோசித்தேன். வயிறு சும்மா இருந்தது. வலிக்கவில்லை, உருளவில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லாமல் மற்றவர்களெல்லாம் இப்படித்தானே எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பசி எடுக்க ஆரம்பித்தது. அசல் பசி. என்னோடு வேலை பார்த்த திருப்பதிக்கார டீச்சர் ஒருத்தி மலைக்குப் போய் வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். படைத்ததைத் தின்னக்கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. எப்போதும் நாசூக்காக வேண்டாம் என்றுவிடுவேன். அன்றைக்கு, "இதில் என்ன போடுவார்கள்?" என்று கேட்டேன். கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி என்றாள். கோதுமை இல்லையா? இல்லையே! கை நீட்டி வாங்கினேன், முழுசாகத் தின்றேன். வயிறு மூச்சுக்கூட விடவில்லை.

ஆனால் முதல் ஞாயிறு வந்தது. சித்தூரில் திருவிருந்தில் அம்மா வெட்டிய துண்டை வாங்கினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மறுநாள் திருப்பதிக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிறு பழையபடி கலங்கிப் படுத்துவிட்டேன். வேறு ஏதோ காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும். இடையில் உள்ள நாளெல்லாம் நன்றாக இருப்பேன், முதல் ஞாயிறு முடிந்ததும் விழுவேன். சாமிக்குப் படைத்த லட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை, கர்த்தருடைய பந்தியில் வாங்கின துண்டு என்னைப் படுக்கவைத்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? வேலூர் டாக்டரிடமே சொன்னேன். அவரும் கிறிஸ்தவர்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதுவும் கோதுமைதானேம்மா" என்றார்.

இதில் உள்ள சிக்கல் வெளியாளுக்குப் புரியாது. எங்கள் சபையில் ஒரு பேச்சு உண்டு. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு தகுதியில்லாமல் அப்பத்துக்குக் கை நீட்டினால், அது உடம்புக்கு வியாதியாக வரும் என்பார்கள். பிரசங்கத்திலும் சொல்வார்கள், வேண்டாதவர்கள் படுத்தால் பின்னாலும் சொல்வார்கள். அதனால் குடித்துவிட்டு அடித்துக்கொண்டவன், சின்ன வீடு வைத்திருப்பவன், அண்ணன் தம்பி சண்டைக்காரன், இவர்களெல்லாம் திருவிருந்து அன்றைக்கு முன்னால் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்கள் எண்ணும். இப்போது நான் போய், அந்த அப்பம் எனக்கு வியாதி கொடுக்கிறது என்று சொன்னால் என்ன அர்த்தம்? கல்யாணமாகாத பெண், வெளியூரில் தனியாக ஹாஸ்டலில் இருக்கிறவள். சொல்லவே வேண்டாம்.

அப்படியும் போதகரிடம், எங்கள் ஜனங்கள் பேச்சில் ஐயரிடம், போனேன். மரியாதையான மனுஷர். உட்காரச் சொல்லி, முழுசும் கேட்டார். எனக்கு மட்டும் ஒரு துளி அரிசி மாவிலோ கேழ்வரகிலோ செய்த அடைத் துண்டைத் தட்டில் வைக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கர்த்தருடைய அப்பம் யாருக்கும் கெடுதல் செய்யாதும்மா."

"எனக்குச் செய்யுது ஐயா."

"விசுவாசத்தோட வாங்கினா செய்யாது."

"அப்போ எனக்கு விசுவாசம் இல்லன்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. மனசைச் சோதிச்சுப் பாரு. சமாதானம் கிடைக்கிற வரைக்கும் பெஞ்சிலயே உக்காந்திரு, தப்பில்ல."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "பெஞ்சுல உக்கார்ற அளவுக்கு நான் ஒண்ணும் பண்ணல ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா மேசையில் வெள்ளைத் துணியை விரித்திருந்தாள். மறுநாள் முதல் ஞாயிறு. கையில் கத்தி. நான் போதகரிடம் பேசியது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. வெட்டும்போது பேசாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"ஐயருகிட்ட போயி களிய வைக்கச் சொன்னியாமே? எம்மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியாடி?"

"எனக்கு ஒத்துக்கலம்மா. நான் இன்னா பண்றது?"

"நான் தலைக்குக் குளிச்சி, பல்லுல பச்சத் தண்ணி படாம வெட்றேன். அப்போ நான் வெட்ற அப்பம் உனுக்கு வெசமா? அத சொல்லு."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு மாதிரி சுற்றி வளைத்திருக்கலாம். எனக்குச் சந்திரகிரிப் புதர் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா. எனக்கு வெசந்தான்."

அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள். திரும்பத் துடைத்தாள். பிறகு மிச்ச ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள். சீவிய ஓரங்களை வழக்கமாக என் பக்கம் தள்ளுவாள். அன்றைக்கு வாரிக் கோழிக்குப் போட்டாள்.

மறுநாள் நான் பெஞ்சில் உட்காரவில்லை. எழுந்து முன்னால் போய் மரக் கிராதிக்கு எதிரே எல்லாரோடும் முழங்கால் போட்டேன். எல்லாரும் வலது கையை இடது கைமேல் விரித்து வைத்திருந்தார்கள். நான் இரண்டு கையையும் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். போதகர் தட்டோடு வந்தார், என் முன்னால் நின்றார், மூடிய கையைப் பார்த்தார், தாண்டிப் போனார். அது சரி, அதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். அடுத்து திராட்சரசக் கிண்ணத்தோடு வந்தார். அதிலே என்ன கோதுமையா இருக்கிறது? தலையைத் தூக்கினேன். அவர் கிண்ணத்தையும் எனக்குக் கொடுக்காமல் பக்கத்திலிருந்தவளிடம் போய்விட்டார். அப்பம் இல்லாதவளுக்குக் கிண்ணமும் இல்லை என்று கணக்கு. வெறும் வாயோடு எழுந்து திரும்பி நடந்தேன். அத்தனை கண்களும் என் மேல்தான்.

விட்டேனா? அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும். முழங்கால் போடுவேன், கையை மூடிக்கொள்வேன், அவர் தாண்டிப் போவார், எழுந்து வருவேன். பேச்சு ஊரெல்லாம் ஓடியது. திருப்பதியில் எவனையோ சேர்த்துக்கொண்டாளாம், மனசாட்சி குத்துகிறதாம், அதான் கை நீட்டப் பயப்படுகிறாளாம். ஒரு அம்மாள் என் அம்மாவின் எதிரிலேயே, "உங்க பொண்ணு இன்னாதான் பண்ணிட்டா, எங்ககிட்டயாச்சும் சொல்லுங்களேன்" என்று கேட்டாளாம். அம்மா வீட்டுக்கு வந்து இதை நைனாவிடம் சொல்லி அழுதாளாம். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவள் பேசுவதே தேவைக்குத்தான். நான் வீட்டுக்கு வந்தால் சோறு வடித்துப் போடுவாள். ரொட்டி வைப்பதில்லை, களியும் கிண்டுவதில்லை.

எனக்குள் பயம் இல்லாமல் இல்லை. இப்படியே போனால் சபையில் எனக்கு இடமே இருக்காது. நான் பிறந்து ஞானஸ்நானம் வாங்கின இடம் அது. எனக்கு வேறு இடம் தெரியாது. சில ஞாயிறு, கையைத் திறந்துவிடலாமா, மாதத்தில் சில நாள் படுத்துத் தொலைக்கலாமே என்று தோன்றும். உடனே இன்னொரு மனசு, ஏன் படுக்கணும், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கும். கை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். உடம்பு மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. மாடிப்படியில் பிள்ளைகளை நான் தாண்டிப் போக ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை. மறுநாள் முதல் ஞாயிறு. நான் தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். பேசமாட்டாள், ஆனால் தலை வாராமல் விடமாட்டாள். வாரிக்கொண்டே வந்தவள் நெற்றியோரத்தில் நிறுத்திவிட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள். வழுக்கையாகிக்கொண்டு வந்த இடத்தில் புது முடி குச்சி குச்சியாக, கறுப்பாக, முளைத்திருந்தது. சீப்பு அப்படியே நின்றது. பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, "எழுந்துரு" என்றாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு வாசனை வந்தது. நைனா பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இறக்கிவைத்த பானையைக் காலால் அண்டக் கொடுத்து, எங்கேயோ இரவல் வாங்கிய துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் போலக் கட்டி தட்டவில்லை. சின்ன வயசில் பழகின கை. ஒரு உருண்டை பிடித்துத் தட்டில் போட்டு, குழி பண்ணி, கீரைக் கடைசலை ஊற்றி என் முன்னால் நகர்த்தினாள்.

"துன்னு" என்றாள். "இன்னாத்துக்கு மொறச்சிக்கினு நிக்கற? துன்னு."

பக்கத்தில் நைனா இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்கும் போட்டாள். அதற்கப்புறம் கை கழுவி, தலைக்குக் குளித்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எப்போதும் போல அப்பம் வெட்டினாள். வெட்டும்போது பேசவில்லை.

மறுநாள் நான் முன்னால் போய் முழங்கால் போட்டேன். பக்கத்தில் யாரோ வந்து முழங்கால் போடும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அம்மா. வழக்கமாக அவள் முதல் வரிசையில் போய் வாங்கிவிட்டு வந்துவிடுவாள். அன்றைக்கு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். போதகர் தட்டோடு வந்தார். என் கை மூடியிருந்தது, பழகின விஷயம், தாண்டினார். அம்மாவின் முன்னால் போய் நின்றார். துண்டை எடுத்து நீட்டினார். நீட்டியது நீட்டியபடி நின்றது.

அம்மா இரண்டு கையையும் மூடி நெஞ்சோடு வைத்திருந்தாள். எத்தனையோ வருஷமாக அந்தச் சபைக்கே அப்பம் வெட்டிக் கொடுத்த கை. அந்தத் தட்டிலிருந்த அத்தனை துண்டும் அவள் வெட்டியதுதான்.

போதகர் மெதுவாக, "அம்மா, நீங்களா?" என்றார். அவள் கையைத் திறக்கவில்லை. அவருக்கு வேறு வழியில்லை, தாண்டிப் போனார். பிறகு கிண்ணத்தோடு வந்தார். எனக்கு முன்னால் வந்ததும் நடை தயங்கியது, ஆனால் நிற்கவில்லை, நகரப் பார்த்தார்.

சபையில் அதுவரை வாய் திறந்தே பேசியிராத என் அம்மா, பீடத்தைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மொதல்ல அவளுக்குக் குடுங்க ஐயா. அப்பறம் எனக்கு."

கொடுத்தார்.